வாசலில் வண்டிகள் நின்ற அந்த வாரம்

எப்போதும் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கிற என் அக்காவுக்கு,

அம்மா நல்லா இருக்குது. முட்டிவலி ஜாஸ்தியாகிவிட்டது, ஆனாலும் கடைக்கு அதுவே நடந்து போய் வருகிறது. கள்ளக்குறிச்சியில் அதே வாடகை வூட்டில்தான் இருக்கிறோம். நீ உட்கார்ந்து வேலை செய்த ஜன்னலோரத்தில் இப்போது ஒரு தையல் மிஷின் இருக்கிறது. அந்த இடம் காலியாகக் கிடந்தால் அம்மா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது என்று நான்தான் வாங்கிப் போட்டேன். அம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. அது உனக்கும் தெரியும்.

நான் இன்னும் ஆம்புலன்ஸ்தான் ஓட்டுகிறேன்.

இதை உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. களமருதூரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போன அப்பா அம்மாவுக்கு நாம் ரெண்டு பேர். நீ தமிழரசி, நான் சேகர். நீ கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியல் படித்தாய். அப்பா கடைசிவரை அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னதில்லை. "எம் பொண்ணு புள்ளி போடற படிப்பு படிக்குது" என்று டீக்கடையில் சொல்லும். கோலம் என்று நினைத்துக்கொண்டவர்கள் உண்டு.

அப்புறம் உனக்கு மாவட்ட சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. எந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று வருவதை வாங்கிச் சேர்த்து வைக்கிற வேலை. கொரோனாவின் ரெண்டாவது அலை வந்தபோது அந்த வேலையின் முகமே மாறிப்போனது. நேற்று என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், அடுத்த வாரம் என்ன ஆகும் என்று உன்னைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் சாப்பிடும்போது நானும் கேட்டேன். "அது இன்னாக்கா, வரப்போறத முன்னாடியே சொல்றது? ஜோசியமா?"

நீ சிரிக்கவில்லை. தட்டில் விரலால் கோடு இழுத்தாய். "இது நோவாளிங்க. ஏறிக்கினே போவுது. எத்தினி நாளைக்கு ஒருவாட்டி ரெட்டிப்பாவுதுன்னு பாக்கறோம். அதுல எத்தினி பேருக்கு மூச்சு முட்டும்னு பாக்கறோம். இது நம்ம கிட்ட இருக்கற ஆக்ஸிஜன் பெட்டு. இது ஏறாது, படுத்தே கெடக்கும். ரெண்டு கோடும் எங்க முட்டிக்குதுன்னு கண்டுபுடிக்கணும். அவ்ளோதான்."

"முட்டிக்கினா?"

"முட்டிக்கிற எடத்துல நீ ஆஸ்பத்திரி வாசல்ல வண்டிய வெச்சிக்கினு நிப்ப. உள்ள எறக்க எடம் இருக்காது."

அம்மா உன் தட்டில் குழம்பை ஊற்றியது, கோடு அழிந்து போனது. நீ எழுந்து லேப்டாப்பைத் திறந்தாய்.

அதற்குப் பிறகு நீ சொன்ன இன்னொன்று இருக்கிறது. அது இன்றுவரை என்னை விடவில்லை. "அடுத்த வாரம் அந்தக் கோட்டுல வரப்போறவங்க இப்ப எங்கயோ நல்லாத்தான் இருக்காங்கடா. டீ குடிச்சிக்கினு, பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்காங்க. அவங்களுக்கே தெரியாது." நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். மறுநாளிலிருந்து என்னால் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய மாதிரி வண்டி ஓட்ட முடியவில்லை. பழக்கடையில் நிற்கிற மனுஷன், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற பொம்பளை, எல்லாரையும் பார்த்து இவங்களா, இவங்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். வூட்டுக்குள் நுழையும்போது மட்டும் அந்தக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். நீயும் டீ குடித்துக்கொண்டுதான் இருந்தாய்.

திருநாவலூர் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. சின்னசேலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டை சுற்று ஊர்களிலெல்லாம் ஏறியது. கல்வராயன் மலையில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த ஊர்களின் பேருக்கு நேராக நாள் தவறாமல் பூஜ்யம், வெறும் சுழி வந்துகொண்டிருந்தது. ஆபீசில் அதைப் பார்த்து மற்றவர்களுக்குச் சந்தோஷம். மலைக்காற்று சுத்தம், அதனால் அங்கே ஒன்றும் வராது என்றார்களாம். நீ மட்டும் அந்தச் சுழியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாய்.

"கேரளாவுல எஸ்டேட் வேலைக்குப் போன ஜனங்க எல்லாம் திரும்பி வந்துட்டாங்கடா. நெரிசல்ல லாரியில வந்தாங்க. பின்ன எப்படி ஒருத்தருக்கும் இல்லாம இருக்கும்? நோவு இல்லாத எடமா, நாம போய்ப் பாக்காத எடமா?"

மேலே போகிற குழுவின் ஜீப் டிரைவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். எனக்கு அன்று ஓய்வு நாள். "நீ ஓட்டறியா?" என்று கேட்டாய். நீ மேலே போகவேண்டிய அவசியமே இல்லை, அக்கா. உன் வேலை கம்ப்யூட்டர் முன்னால். நர்ஸும் சுகாதார ஆய்வாளரும் போனால் போதும். "கண்ணால பாக்காம என்னால அந்த எடத்துல நம்பர் போட முடியாது" என்றாய். நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். வளைவுகளில் பலாப்பழ வாசனை தூக்கலாக வந்தது. வழக்கமாக ரோட்டோரம் பழத்தை வெட்டி விற்கிறவர்கள் ஒருவரும் இல்லை. வெள்ளிமலைக்கு அந்தாண்ட, ரோடு முடிகிற ஊர் வரை போனோம். ஜீப் சத்தம் கேட்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. நாயைத் தவிர எதுவும் வெளியில் இல்லை. ஆனால் கதவுகளுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது. ஒரு வூட்டில், அப்புறம் எதிர்வூட்டில், அப்புறம் மேட்டிலிருந்த வூட்டில். நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய்.

வெள்ளையன் என்கிறவர்தான் முதலில் வெளியே வந்தார். நாற்பது வயசு இருக்கும். கையில் கொடுவாள். "போயிடுங்க. இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல."

"உள்ள இருமறது யாருங்க?" என்று நீ கேட்டாய்.

"எம் பொஞ்சாதி. அனுப்ப மாட்டேன். கீழ கொண்டுட்டுப் போனவங்க யாரும் திரும்பல. மூட்டையாக் கட்டிப் பொதைச்சிடறீங்க. மொகத்தக்கூட காட்டறதில்ல."

ஆய்வாளர் ஏதோ அரசு உத்தரவு என்று ஆரம்பித்தார், நீ கையமர்த்தினாய். கொஞ்சம் முன்னால் போய், முகமூடியைக் கீழே இறக்கினாய். "எம் மொகம் இதுதாங்க. எம் பேரு தமிழரசி. நாங்களும் கூலி வேலை செய்யற குடும்பந்தான். இதோ நிக்கறது எந்தம்பி. உங்க பொஞ்சாதிய இவன்தான் ஓட்டிக்கினு போவான். தெனமும் ஒருவாட்டி உங்களுக்குப் போன் பண்ணி எப்படி இருக்காங்கன்னு நானே சொல்றேன். நல்ல சேதின்னாலும் சொல்றேன், கெட்ட சேதின்னாலும் சொல்றேன். ஒளிக்க மாட்டேன்."

அவர் கொடுவாளைச் சுவரோரம் சாய்த்து வைக்க ரொம்ப நேரம் ஆனது. ஆனால் வைத்தார். அந்தம்மாவை நாலு பேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்து மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அந்த முகமூடியை நீ இறக்கிய நேரம் எவ்வளவு இருக்கும்? அப்போதுதான் உனக்கு அந்த நோவு தொத்திக்கொண்டதா? இல்லை, மழை பிடித்துக்கொண்டதால் கண்ணாடியை ஏற்றிவிட்டு இறங்கினோமே, ஜீப்புக்குள்ளா? இல்லை, ஆபீசிலேயே யாரிடமிருந்தாவதா? "எங்கருந்து வந்துச்சுன்னு தேடறதுல பிரயோஜனம் இல்ல, எங்க போவுதுன்னு பாரு" என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனாலும் தேடுகிறேன். அதே ஜீப்பில் நானும் இருந்தேன். எனக்கு ஏன் வரவில்லை?

மலையின் சுழியை அழித்துவிட்டு நீ கோட்டைத் திரும்பப் போட்டாய். ரெண்டு கோடும் முன்பு நினைத்ததைவிட சீக்கிரமே முட்டிக்கொண்டன. வரப்போகிற வெள்ளிக்கிழமை வாக்கில் என்றாய். மறுநாள் கூட்டத்தில் அதைக் காட்டினாயாம். பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உன்னையே பார்த்தாராம்.

"ஏம்மா, நீங்க சொல்ற மாதிரி நடக்கலன்னா? கல்யாண மண்டபத்த எடுத்து பெட்டு போட்டு, சிலிண்டர் எறக்கி, எல்லாம் காலியா கெடந்தா என்னைக் கேக்க மாட்டாங்களா?"

"காலியா கெடந்தா சந்தோஷப்படலாம் சார். என்னை வேலைய வுட்டுக்கூட எடுத்துடுங்க."

அவர் கெட்டவர் இல்லை என்று அன்று சாயங்காலம் நீ சொன்னாய். "பயப்படறார். எனக்கும்தான் பயம். தப்பாப் போச்சுன்னா அவமானம், சரியாப் போச்சுன்னா ஜனங்க உசுரு. எதுக்கு வேண்டிக்கறதுன்னு தெரியலடா." அவர் கையெழுத்துப் போட்டார். மண்டபம் கிடைத்தது. மணமக்கள் உட்காரும் மேடையில் சிலிண்டர்களை அடுக்கினார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் கட்டில்கள். ஆனால் அதுவும் போதாது என்று உனக்குத் தெரியும். "ஒரு சில நாள் எப்படியும் தாண்டும். அந்த நாளுங்களுக்கு என்கிட்ட வழி இல்ல." அதை நீ என்னிடம் மட்டும் சொன்னாய்.

அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் வந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். அம்மா கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்து நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் விரலில் மாட்டியிருந்த, ஆக்ஸிஜன் அளவு காட்டுகிற மெஷினைக் கதவிடுக்கில் காட்டுவாய். "இன்னும் நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தேவையில்லாத பெட்ட நான் எதுக்கு அடைச்சிக்கினு படுக்கணும்?" உள்ளே லேப்டாப் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெள்ளையனுக்குப் பேசுகிற குரலும் கேட்டது. "உங்க பொஞ்சாதி இன்னைக்கு இட்லி சாப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு இருமுவாய்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டுகிற சத்தம் நின்றது. கதவைத் திறந்தபோது உன் உதடு நீலமாக இருந்தது.

உன்னை என் வண்டியில்தான் ஏற்றினேன். ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திரும்பியதும் பிரேக்கை மிதித்தேன். கேட்டிலிருந்து மருந்துக்கடைகளைத் தாண்டி முனைவரை ஒன்றன்பின் ஒன்றாக ஆம்புலன்ஸ்கள், கார்கள், ரெண்டு ஷேர் ஆட்டோ, ஒரு டிராக்டர். ஒன்றும் நகரவில்லை. சைரன்கூட யாரும் போடவில்லை. அவ்வளவு வண்டிகள், அவ்வளவு ஜனங்கள், ஆனால் சத்தமே இல்லை. எல்லாரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ முன்னாலேயே பார்த்துவிட்ட இடத்துக்குள் நான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

பின்னால் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாஸ்க்கை விலக்கி ஏதோ சொல்ல வந்தாய்.

"எவ்ளோ தூரம் நிக்குது?"

"முனை வரைக்கும்க்கா."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "சரியாத்தான் வந்துருக்கு" என்றாய். அப்புறம், "நம்ம வண்டிய மட்டும் நான் கணக்குல போடலடா."

வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தோம். என் சிலிண்டர் முள் இறங்கிக்கொண்டே போனது. பின்னால் நின்ற வண்டியில் வந்த பெரியவர் போய்விட்டார். அந்த டிரைவர் என்னிடம் வந்தார், பேரும் தெரியாது, விழுப்புரத்து ஆள். "அவருக்கு இனிமே வேணாம்" என்று தன் சிலிண்டரைக் கழற்றி என் வண்டியில் மாட்டிவிட்டுப் போனார். மண்டபத்தில் ஒரு கட்டில் காலி என்று ஆள் வந்து சொன்னபோது, அதில்தான் நீ அங்கே வரை போய்ச் சேர்ந்தாய். அந்தக் கட்டில் எப்படிக் காலியாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். நீ அதைக் கேட்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஒருமுறை, உடம்பு முழுக்க அந்த நீல அங்கியை மாட்டிக்கொண்டு உன்னைப் பார்க்க விட்டார்கள். வேறு எதையும் நீ கேட்டதில்லை. "வாசல்ல வண்டி?" என்பாய். நான் நிஜத்தைத்தான் சொன்னேன். உன்னிடம் வேறு எப்படிச் சொல்வது? மருந்துக்கடை வரை. டீக்கடை வரை. கேட்டுக்குக் கொஞ்சம் வெளியே. அப்புறம் ஒரு சாயங்காலம் நான் திரும்பியபோது ரோடு வெறுமையாகக் கிடந்தது. ஒரு வண்டி நின்றது, அதுவும் உடனே உள்ளே போய்விட்டது. மண்டபத்துக்கு ஓடி வந்தேன். அங்கியைக் கட்டிக்கொள்ளக்கூடப் பொறுமையில்லை.

"அக்கா, யாருமில்லக்கா. வாசல் காலி!"

நீ என்னையே பார்த்தாய். நான் சிரிப்பை எதிர்பார்த்தேன். "டெஸ்ட்ட கம்மி பண்ணிட்டாங்களா?" என்றாய்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது எனக்கு. "தெரியலக்கா."

"ஒருநாள் காலியா இருந்தா கணக்கு இல்ல. ஒரு வாரம் பாரு. பாத்துட்டு வந்து சொல்லு."

அந்த வாரம் முடியும்வரை நீ இருக்கவில்லை.

உன்னை எங்களிடம் கொடுக்கவில்லை. சுடுகாட்டில் தள்ளி நின்று பார்த்தோம். அம்மா, "மொகத்த ஒருவாட்டி காட்டுங்கய்யா" என்று கேட்டது. வெள்ளையன் கொடுவாளோடு நின்று சொன்ன அதே வார்த்தை. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மறுநாளும் நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அதற்கு மறுநாளும் பார்த்தேன். பைத்தியம் என்று மற்ற டிரைவர்கள் நினைத்திருப்பார்கள். அந்த வாரம் முடிந்த அன்று ரோட்டில் நின்றுகொண்டு, இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். இப்போது சொல்கிறேன் அக்கா. ஒரு வாரமும் காலியாகத்தான் இருந்தது. டெஸ்ட்டைக் கம்மி பண்ணவில்லை. விசாரித்துவிட்டேன். நிஜமாகவே இறங்கிவிட்டது.

வெள்ளையனின் பொஞ்சாதி நல்லபடியாக மலைக்குத் திரும்பிப் போனது. உன் போன் வராத அன்று வெள்ளையன் என் நம்பருக்குக் கூப்பிட்டார். நான் அழுதேன். அவர் போனை வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் மலைக்கு வண்டி எடுத்ததில்லை. மேலிருந்து அழைப்பு வந்தால் வேறு டிரைவரை மாற்றிவிடச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன். கச்சிராயபாளையம் வரை போய்விடலாம், அதற்கு மேல் ஸ்டீயரிங்கைப் பிடிக்கக் கை வராது. பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் டீ குடித்துக்கொண்டு நிற்பதை இன்னும் என்னால் நேராகப் பார்க்க முடிவதில்லை.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் கொஞ்சம் ஜாஸ்தி. கொரோனா இல்லை, வேறு காய்ச்சல். உன் வேலைக்கு இப்போது ஷமீமா என்று ஒரு பெண் வந்திருக்கிறது. சின்னசேலத்துப் பொண்ணு, அவங்க அத்தா பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நேற்று போன் பண்ணியது.

"அண்ணே, கீழ எல்லா ஊருலயும் ஏறிக்கினு இருக்கு. மலையிலருந்து ஒரு கேஸுகூட வரல. எனக்கு இது சரியாப் படல. மேல போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு அந்த ஊருங்க தெரியும்னு சொன்னாங்க. ஜீப்பு ஓட்ட வருவீங்களா?"

"முடியாதும்மா, டூட்டி இருக்கு" என்று வைத்துவிட்டேன். எனக்கு டூட்டி இல்லை.

அம்மா தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். "நல்ல வேளை, வேணாம்னு சொன்ன" என்று சொல்லும் என்று நினைத்தேன்.

"நீ போவலன்னா அந்தப் பொண்ணு போவாம இருந்துடுமா?" என்றது அம்மா.

"இல்லம்மா. வேற யாராவது ஓட்டுவாங்க."

"அவனுக்கு அந்த வளைவெல்லாம் தெரியுமா? மழை வேற பேஞ்சிக்கினு இருக்கு." முட்டியைத் தடவிக்கொண்டது. "அதுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்ல? நீயே ஓட்டுடா."

திரும்பிக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் கிளம்புகிறோம்.

அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கதவுகள் சாத்தியிருக்குமோ, திறந்திருக்குமோ. எது இருந்தாலும் அந்தப் பெண் பார்க்கட்டும், பார்த்து உள்ளபடி எழுதட்டும். நான் அதைத் தடுக்க மாட்டேன், அக்கா. என்னால் முடிந்தது வண்டி ஓட்டுவது. அதைச் செய்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே அந்தப் பெண்ணைக் கீழே இறக்கி, சின்னசேலம் பஸ்ஸில் நானே ஏற்றிவிடுவேன். வூட்டுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு என்று அவங்க அம்மா வாயால் சொல்லிக் கேட்ட பிறகுதான் சோற்றில் கை வைப்பேன். நாளைக்கு மட்டும் இல்லை, இனிமேல் யார் கூப்பிட்டு நான் மலை ஏறினாலும் இப்படித்தான். இது உன்மேல் சத்தியம்.

உன்னோடு ஒரே ஜீப்பில் ஏறி இறங்கிய உன் தம்பி,
சேகர்